இறுகிய பிறகு எழுதிய எண்

"பிடிங்க அத்தை. முழுசா இருந்தப்ப என்ன கனமோ, பாதியே என் இடுப்பை ஒடிச்சிருச்சு."

உடைந்த கான்கிரீட் கட்டியின் பாதியை மாப்பிள்ளை காலேஜ் ஆய்வக மேசைமேல் தொப்பென்று இறக்கினார். சட்டை முழுக்கச் சாம்பல் தூசு. வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

வக்கீலம்மா கோர்ட்டை விட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்து சில வருஷமாகிறது. கறுப்புக் கோட்டைக் கழற்றியும் பேர் கழலவில்லை. மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கு எந்த உத்தியோகமும் ஒட்டுவதில்லை. ‘வீட்டுல உக்காந்து என் உயிரை எடுக்கறதுக்கு எங்கம்மா உயிரை எடுங்க’ என்று மகள்தான் அனுப்பிவைத்தாள். அன்றிலிருந்து அவர் உதவியாளர். மாப்பிள்ளையாகப் போனதால் அவரை ‘வாயை மூடு’ என்று அதட்ட முடியாது. ‘கொஞ்சம் வாயை மூடிக்குங்க’ என்றுதான் சொல்ல முடியும். அவரும் கேட்டதில்லை.

"மேடம், இதுல துப்பறிய ஒண்ணுமே இல்லை," என்றார் விரிவுரையாளர். நல்ல மனுஷர்தான், முகத்தில் தூக்கமில்லை. "ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால கலவை போட்டு, இரும்பு அச்சுல நிரப்பி, அது ஈரமா இருக்கும்போதே ஆணியால தன் நம்பரைக் கீறணும். அப்புறம் எல்லாக் கட்டியும் அதோ அந்தத் தொட்டித் தண்ணியில ஊறும். ஊறினதும் மிஷின்ல வச்சு நசுக்குவோம். எவ்வளவு பாரம் தாங்குதோ அதை வச்சு மார்க். முப்பத்தெட்டாம் நம்பர் மாணவியோடது மத்ததைவிட ரெண்டு மடங்கு தாங்குச்சு. மிஷினே முனகிருச்சு."

"கெட்டியாப் போட்டது ஒரு குத்தமா சார்? எங்க வீட்டுச் சுவரைக் கட்டினவன்கிட்ட இந்தப் பொண்ணு படிச்சிருக்கலாம். சாஞ்சா நம்மகூடவே சாயுது."

"மாப்பிள்ளை…"

"இது வேற கணக்கு சார்," என்றார் விரிவுரையாளர். "எவ்வளவு பலம் வேணும்னு முன்னாடியே சொல்லிடுவோம். அதுக்குத் தக்கபடி கலக்கணும். கம்மியானாலும் மார்க் போகும், கூடினாலும் போகும். சமையல்ல உப்பு மாதிரி."

"ஓ," என்றார் வக்கீலம்மா. அந்த ‘ஓ’வை மாப்பிள்ளைக்குத் தெரியும். உள்ளே ஏதோ ஒரு பூட்டு திறந்தால் வருகிற ‘ஓ’.

"கட்டடம் கட்டுறவங்க சோதனைக்கு அனுப்பற கட்டிங்களைப் பின்வாசல்ல அடுக்கி வைப்போம். சிவப்புப் பெயிண்ட்ல கம்பெனி பேர் எழுதியிருக்கும். அதுல ஒண்ணு குறையுது. இந்தக் கட்டியோட பக்கத்துல பாருங்க, பெயிண்டைத் தேய்ச்சு எடுத்திருக்காங்க, கான்கிரீட்டோட பொடித் துளைங்களுக்குள்ள மட்டும் சிவப்பு மிச்சம். இவ தன்னோடதை எடுத்துட்டு அதை வச்சுட்டா."

"மார்க்குக்காகத் திருடறவ, மார்க் குறையற மாதிரியா திருடுவா?"

விரிவுரையாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "பயத்துல கைக்குக் கிடைச்சதை மாத்தியிருப்பா," என்றார். "மதியம் ஒழுங்குக் குழு கூடுது மேடம். அடுத்தவங்க வேலையைத் தன் வேலைன்னு காட்டினா நீக்கம். வேற எந்தக் காலேஜும் சேர்த்துக்காது. அந்தப் பொண்ணு எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தா நானே அவ பக்கம் நின்னிருப்பேன். பேசமாட்டேங்கறாளே."

வக்கீலம்மா தொட்டி ஓரம் போனார். ஊறிக்கொண்டிருந்த வேறொரு கட்டியின் எண்மேல் விரலை ஓட்டினார். பிறகு முப்பத்தெட்டின்மேல் ஓட்டினார்.

"மாப்பிள்ளை, ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். "தண்ணியில கிடக்கறது, பிசைஞ்ச மாவுல விரலை இழுத்த மாதிரி ரெண்டு பக்கமும் கரை கட்டியிருக்கு. இதுல கரையே இல்லை. பொடிப்பொடியா உதிர்ந்திருக்கு."

"இறுகின பிறகு கீறினது. அந்த எட்டைப் பாருங்க."

"எட்டா இது? ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு ஜன்னல் வச்ச மாதிரில்ல இருக்கு. எழுதினவருக்கு வளைக்கத் தெரியலை."

"ஆளுக்குத் தெரியும். கருவிக்குத்தான் தெரியாது. நேராப் போய் நேரா வர்ற கருவி." வக்கீலம்மா விரிவுரையாளர் பக்கம் திரும்பினார். "தொட்டியை யார் சார் தொடுவாங்க?"

"பிள்ளைங்களை விடமாட்டோம். தண்ணி மாத்தும்போது எங்க குழாய்க்காரர் எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சுட்டு மறுபடி அடுக்குவார். அவர் ஒரு வம்புக்கும் போகாத ஆள்."

மாப்பிள்ளை வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா தொட்டித் தண்ணீரைப் பார்த்தார்.

இந்த வழக்கைக் கொண்டுவந்ததே அந்தக் குழாய்க்காரர்தான்.

முந்தின நாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காலேஜில் ஒரு பெண்மேல் அநியாயமாகப் பழி விழுந்திருக்கிறது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றார். ‘அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?’ என்று கேட்டதற்கு, ‘யாருமில்லைங்க, பாவம், அவ்வளவுதான்’ என்றார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மாப்பிள்ளை வழக்கை முடித்துவிட்டார். ‘காதல் அத்தை. ஒருதலை. குழாயில ஆரம்பிச்சுக் கண்ணீர்ல முடியும் பாருங்க.’

படிக்கட்டு ஏறும்போது சுவரெல்லாம் பலகைகள். ஓடாதே. சத்தம் போடாதே. சுவரில் சாயாதே.

"மூச்சு விடலாம்னு எங்கயாவது போட்டிருக்கா பாருங்க அத்தை. இல்லைன்னா நான் கீழ போய் விட்டுட்டு வர்றேன்."

மாணவி வாசிப்பு அறையின் கடைசி மேசையில் இருந்தாள். வகுப்பில் அவளுக்குக் ‘கண்ணாடி’ என்று பேர். தடித்த கண்ணாடி, அதன் ஒரு காதுக்கம்பி உடைந்து, வெள்ளையாக எதையோ சுற்றி ஒட்டவைத்திருந்தது. எதிரில் புத்தகம் திறந்திருந்தது. அவள் படிக்கவில்லை.

"நான் மாத்தலை மேடம்," என்றாள், இவர்கள் உட்காருவதற்கு முன்பே. "வேற எதுவும் கேக்காதீங்க."

"கேக்கறதுதாம்மா எங்க பொழப்பு," என்றார் மாப்பிள்ளை. "கேக்கலைன்னா எங்களுக்கும் குழு கூட்டிடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை.

"நசுக்கறதுக்கு முன்னாடி கட்டியை உன் முன்னாலதானே மிஷின்ல வச்சாங்க? நம்பரைப் பாத்தியா?" என்றார் வக்கீலம்மா.

"பாத்தேன்… இல்லை, சரியாப் பாக்கலை."

"எட்டு உன் எட்டு மாதிரி இருந்ததா?"

பெண் உதட்டைக் கடித்தாள். மூட்டை தூக்குகிறவன் பாரம் நழுவும்போது பல்லைக் கடிக்கிற மாதிரி இருந்தது அது. "தெரியலை மேடம்."

"தண்ணி மாத்தறவரை உனக்குத் தெரியுமா? அவர்தான் உனக்காக எங்களைக் கூட்டிட்டு வந்தார்."

அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. காது மடல்வரை சிவந்தது. "அவரை எனக்கு எப்படித் தெரியும்?" என்று வேகமாகச் சொல்லிவிட்டுச் சுற்றும் பார்த்தாள். பக்கத்து மேசையில் யாரும் இல்லை. அதன்பிறகுதான் தோள் இறங்கியது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை விரலைச் சொடுக்கினார். "பாத்தீங்களா? ஒருதலை இல்லை அத்தை, ரெண்டு தலை. நான் சொன்னா எங்க கேக்கறீங்க."

"அந்தக் கண்ணாடிக் காதுல என்ன சுத்தியிருந்தது மாப்பிள்ளை?"

"ஏதோ பேண்டேஜ்."

"பேண்டேஜ் அவ்வளவு மெலிசாவா இருக்கும்? வாங்க, பம்ப் ரூமுக்குப் போவோம்."

பம்ப் ரூம் கட்டடத்தின் முதுகுப் பக்கம். உள்ளே மோட்டார் சூடும் ஈரமும் சேர்ந்த வாடை. குழாய்க்காரர் தரையில் குந்தி ஒரு குழாயின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கசியாமல் இருக்க இழுத்து இழுத்துச் சுற்றுகிற அந்த மெல்லிய டேப். மாப்பிள்ளை அதைப் பார்த்தார். விரலால் தன் காதோரத்தைத் தொட்டுக்கொண்டார்.

"வாங்கம்மா, யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?" குழாய்க்காரர் எழுந்தார்.

"உங்க இரும்பு ரம்பம் எங்க?"

அவர் கை தானாகவே பையை மறைத்தது. பிறகு, மறைத்ததற்கு வெட்கப்பட்டவர் மாதிரி, தானே எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். பிளேடின் பற்களுக்குள் கான்கிரீட் தூசு அப்பியிருந்தது.

"குழாய் அறுக்கற ரம்பத்துக்குச் சாம்பல் தூசு எப்படி வந்தது? இது வளைஞ்சு எழுதாது. அதான் எட்டு ஜன்னலாயிருச்சு. அதோட, கெட்டியான கட்டி வச்சா மார்க் குறையும்னு இங்க படிக்கிற எல்லாருக்கும் தெரியும். வாத்தியாருக்குத் தெரியும். பலமா இருந்தா நல்லதுன்னு நெனைக்கறவர், வகுப்புக்குள்ள உக்காராத ஒருத்தர்தான்."

குழாய்க்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். மோட்டாருக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்து விலக்கினார். அடியில் ஒரு கட்டி, மூலை பெயர்ந்து, ஒரு பக்கம் பிளந்து. மேலே வட்டமான, கரை கட்டிய முப்பத்தெட்டு.

"கை வழுக்கிருச்சுங்கம்மா," என்றார். "எல்லாக் கட்டியும் நல்லா வந்துச்சு. இது மட்டும் கீழ விழுந்துருச்சு. நம்பரைப் பாத்தா, முப்பத்தெட்டு. இருக்கறதுலயே கெட்டியா ஒண்ணை எடுத்து நம்பரைப் போட்டு வச்சேன். பலமா இருந்தா அதுக்கு முதல் மார்க் கிடைக்கும்னு நெனச்சேன். இப்படி ஆவும்னு யாரு கண்டா?"

"தூக்கிப் போடாம ஏன் வச்சிருக்கீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"பாப்பா கையால செஞ்சதுங்க. எப்படிப் போடறது?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க தங்கச்சி," என்றார் வக்கீலம்மா. "கண்ணாடிக் காதைச் சுத்தி விட்டது நீங்க."

அவர் தலையாட்டினார். மாப்பிள்ளை கையில் இருந்த ரம்பத்தைக் கீழே வைத்தார். முந்தின நாளிலிருந்து அடித்த காதல் ஜோக்கெல்லாம் அவர் காதுக்குள் திரும்பிக் கேட்டிருக்க வேண்டும். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றார்.

"எப்படிங்க சொல்றது? முதல் நாள் எல்லாப் பிள்ளைங்களையும் பெரிய ஹால்ல உக்கார வச்சு முதல்வர் கேப்பாரு. உங்க வீட்டு ஆளுங்க யாராவது இந்தக் காலேஜ்ல வேலை பாக்கறாங்களான்னு. இருந்தா சொல்லணும், அந்தப் பிள்ளையோட பரீட்சைப் பொருளைத் தனியாப் பூட்டி வைப்பாங்க. மறைச்சா ஒரு வருஷம் வெளிய. பாப்பா சொல்லலை." தரையைப் பார்த்தே பேசினார். "அதுக்கு முந்தின வாரம்தான், பாப்பா சேர வந்திருந்தப்ப, நான் சாக்கடை அடைப்பு எடுத்துட்டிருந்தேன். கூட வந்த பசங்க ‘யோவ் குழாய், ஓரமாப் போய்யா, நாறுது’ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பாப்பாவும் சிரிச்சுச்சு. பாவம், வேற என்ன செய்யும்? ராத்திரி சாப்பிடவே இல்லை. காலேஜ்ல என்னைப் பாத்தா பேசாதண்ணேன்னுச்சு. நானும் சரின்னுட்டேன். அடைப்பெடுத்த கையோட அண்ணன்னு நின்னா எனக்கே கூச்சமாத்தான் இருக்கும்."

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நீங்களாக் கண்டுபிடிச்சா நான் வாயைத் திறக்க வேண்டாமேன்னுதான்." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "குழுவுல எல்லாத்தையும் ஒத்துக்கறேன். அண்ணன் தங்கச்சிங்கறதை மட்டும் சொல்லிராதீங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

வக்கீலம்மா காலை இழுத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மதியம் குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் முதல்வர், இரண்டு பேராசிரியர்கள். ஒரு ஓரம் மாணவி, எதிர் ஓரம் குழாய்க்காரர். இரண்டு கட்டிகளும் மேசைமேல் விரித்த செய்தித்தாளில் இருந்தன. வக்கீலம்மா கரை கட்டிய எண்ணையும் உதிர்ந்த எண்ணையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ரம்பத்தைக் காட்டினார். எல்லாம் மளமளவென்று முடிந்தது.

"ஓரம் உடைஞ்சிருச்சுன்னு சொல்லியிருந்தா இன்னொண்ணு போட விட்டிருப்பேனே!" விரிவுரையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவுதானா விஷயம்?"

"தப்புதாங்க," என்றார் குழாய்க்காரர்.

முதல்வர் பேனாவைத் திறந்தார். "இந்தப் பொண்ணை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுங்க. யாரு பெத்த பிள்ளையோ. ஒரு நம்பரு உடைஞ்சுது, இன்னொண்ணு வச்சேன். அவ்வளவுதாங்க."

சொல்லும்போது அவர் குரலில் நடுக்கமே இல்லை. பெண் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வக்கீலம்மா, நீங்க ஏதாவது சேர்க்கணுமா?"

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். கோர்ட்டில் நூறு பேர் முன்னால் சாட்சியைத் திணறடித்தவர், கைப்பையின் பட்டனைத் திறந்தார், மூடினார். "இல்லைங்க," என்றார்.

மாணவிமேல் குற்றமில்லை, உடைந்த கட்டிக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்று முதல்வர் எழுதினார். குழாய்க்காரர் இன்றோடு வேலையை விட்டு நிற்க வேண்டும், சாவிகளை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும்.

"நல்லதுங்க," என்றார் குழாய்க்காரர், கூலி வாங்கிக்கொண்டவர் மாதிரி.

வராந்தாவில் மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். "நம்ம ஜெயிச்சுட்டோம்தானே அத்தை?"

"கேலி பண்ணாதீங்க மாப்பிள்ளை."

"சத்தியமா கேலி இல்லை. தெரியாமத்தான் கேக்கறேன்."

வக்கீலம்மா தூணைப் பார்த்து நின்றுகொண்டார். வேறு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குள் வகுப்புப் பிள்ளைகள் மாணவியைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏய் கண்ணாடி, தப்பிச்சடி!" "நான் அப்பவே சொன்னேன்ல!" முதுகில் தட்டினார்கள், பையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார்கள். அவள் ஒவ்வொரு தட்டலுக்கும் குறுகினாள்.

குழாய்க்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கருவிப்பையோடு சுவரோரமாக வந்தார். அவள் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை.

"யோவ் குழாய்!" என்றான் ஒருவன். "உன்னால ஒரு பொண்ணோட படிப்பே போயிருக்கும். ஒரு மன்னிப்புக்கூடக் கேக்காமப் போற?"

அவர் நின்றார். பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அவளைப் பார்த்துக் கை கூப்பினார். "மன்னிச்சிருங்கம்மா."

‘ங்கம்மா’ என்று அண்ணன் வாயால் கேட்டதும் பெண்ணின் முகம் கோணிக்கொண்டது.

"கையை இறக்கு," என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள். "கையை இறக்குண்ணே."

முதுகில் தட்டிக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன.

"அண்ணனா? யாருக்குடி அண்ணன்?"

"எனக்கு. கூடப் பிறந்த அண்ணன்."

வாசலில் கோப்புகளோடு நின்ற விரிவுரையாளர் வேகமாகக் கிட்டே வந்தார். "என் காதுல எதுவும் விழலைம்மா," என்றார் தணிந்த குரலில். "முடிவு எழுதியாச்சு. நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு வந்து புதுக் கட்டி போடு."

"விழணும் சார்."

"பாப்பா, வேணாம்," என்றார் குழாய்க்காரர். "ஒரு வருஷம் போயிரும். நான்தான் போயாச்சே, நீயாவது…"

வக்கீலம்மா முன்னால் வந்தார். "உள்ள நான் சொல்லியிருக்கணும்மா. சொல்லாம வந்துட்டேன். இப்ப நான் வந்து சொல்லட்டுமா?"

பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வேணாம் மேடம். கட்டி மிஷின்ல ஏறினப்பவே அது என் எழுத்து இல்லைன்னு எனக்குத் தெரியும். அண்ணன்தான்னும் தெரியும். சொன்னா இவர் யாருன்னு கேப்பாங்கன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். நீக்கினாலும் பரவாயில்லைன்னு நெனச்சேன் மேடம். இவங்க முன்னாடி இது தெரியாம இருந்தாப் போதும்னு."

‘குழாய்’ என்று கூப்பிட்டவன் தான் மாட்டியிருந்த அவள் பையைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தான்.

அவள் கதவைத் தட்டினாள். முதல்வர் தேநீர்க் கோப்பையோடு நிமிர்ந்தார்.

"என்னம்மா? அதான் முடிஞ்சதே."

அவள் கதவைச் சாத்தவில்லை. வராந்தாவுக்கும் கேட்டது. முதல் நாள் ஹாலில் சொல்லாததைச் சொன்னாள். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. முதல்வர் கோப்பையை வைக்க இடம் தேடினார்.

"இதுக்கு என்ன தண்டனைன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் சார். ஒரு வருஷம்."

முதல்வர் அவள் வெள்ளை டேப் சுற்றிய கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதி முடித்த தாளை மறுபடி எடுத்தார். புதிதாகச் செய்துகொள்ளலாம் என்ற வரியை முழுசாக அடித்தார். "அந்த ஒரு வருஷம் மாறாது. இன்னைக்கே ஆரம்பிக்குது," என்றார். "அவர் வேலை விஷயத்தையும் திரும்பப் பேசணும். ஒருத்தர் உடைச்சதை ஒளிச்சதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கு, அதை நாங்க கேக்கவே இல்லை. ஆளை வரச் சொல்லு."

அவள் வாசலுக்கு வந்தாள். முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். குழாய்க்காரர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூப்பிடாதே என்பதுபோலத் தலையசைத்தார்.

சத்தம் போடாதே என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்று, வராந்தா முழுக்கக் கேட்கும்படி அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, உள்ள வா."